நோய் குணமாவது, ஆள் தேறுவது: மனநல மீட்சியை எப்படி அளக்கிறார்கள்?

தீவிர மனநோய் உள்ள ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: “இப்போ குணமாயிடுச்சா?” கேட்பவர் பெரும்பாலும் அக்கறையோடுதான் கேட்கிறார். ஆனால் அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் பதில் சொன்னால், தன் வாழ்க்கையை நன்றாக நடத்திக்கொண்டிருப்பவரை ‘இன்னும் நோயாளி’ என்று ஒதுக்கிவிடுவோம். உள்ளுக்குள் நொறுங்கிக் கிடப்பவரை ‘சரியாகிவிட்டார்’ என்று விட்டுவிடுவோம். இரண்டுமே அன்றாடம் நடக்கிற தவறுகள்.

பிரித்துச் சொல்லத் தமிழில் நல்ல சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. நோய் குணமாகும், ஆள் தேறுவார். பேச்சில் இரண்டையும் கலந்துதான் பயன்படுத்துகிறோம். ஆனாலும் ‘கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருகிறார்’ என்னும்போது நம் கண் அந்த மனிதரின் மேல் இருக்கிறது. துக்கத்தில் இருப்பவரைத் தேற்றுகிறோம் என்று சொல்வதும் இதே வேரிலிருந்து வருவதுதான். அங்கே துக்கம் மறைந்துவிடுவதில்லை, அதைச் சுமந்தபடி எழுந்து நிற்கத் தெம்பு வருகிறது.

ஆள் தேறுவதை எண்ணால் அளக்க முடியுமா, எப்படி அளக்கிறார்கள், அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். தீவிர மனநோய் என்று நான் சொல்வது மனச்சிதைவு, இருமுனை மனநிலைக் கோளாறு, கடும் மனச்சோர்வு போன்றவை நீண்ட காலம் நீடித்து, வேலையையும் உறவுகளையும் அன்றாட வாழ்க்கையையும் குலைக்கும் நிலையை.

எலும்பு கூடிவிட்டது, நடக்கிறாரா?

ஒருவருக்குக் கால் முறிந்துவிடுகிறது. சில மாதங்கள் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர், எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்கிறார். ஆனால் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவர் மாடிப்படி ஏறுவதில்லை, வெளியே போவதில்லை, பழைய நண்பர்களைப் பார்ப்பதும் இல்லை. இன்னொருவருக்கு எலும்பு கோணலாகத்தான் கூடியிருக்கிறது. லேசாக நொண்டுவார். அவர் வேலைக்குப் போகிறார், மகளோடு விளையாடுகிறார், வலி வரும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்.

எக்ஸ்ரே படத்தில் முதலாமவர் நலம். வாழ்க்கையில் இரண்டாமவர் நலம். எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிவது எலும்பு மட்டும்தான்.

மனநோயிலும் இப்படித்தான். அறிகுறிகள் குறைவது, மறுபடி மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பது, அன்றாடக் காரியங்களைச் செய்ய முடிவது ஆகியவற்றை வெளியிலிருந்து ஒரு நிபுணர் பார்த்து முடிவு செய்தால் அது மருத்துவ மீட்சி. நம்பிக்கை, உறவு, தன்னைப் பற்றிய மதிப்பு, தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு ஆகியவற்றை அந்த மனிதரே உள்ளிருந்து சொன்னால் அது தனிநபர் மீட்சி. எளிதாக நினைவில் வைத்துக்கொள்ள, முன்னது நோய் குணமாவது, பின்னது ஆள் தேறுவது.

முன்னதை அளக்க நெடுங்காலமாகக் கருவிகள் இருக்கின்றன. மனச்சிதைவுக்குப் பரவலாகப் பயன்படும் ‘பான்ஸ்’ என்ற அளவுகோலில் 30 அம்சங்கள் உண்டு. மருத்துவர் நேரில் பேசிப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போடுவார். மதிப்பெண் கூடக்கூட நோய் கடுமையாக இருக்கிறது என்று பொருள். முக்கியமான 8 அம்சங்கள் 6 மாதம் தொடர்ந்து ‘லேசானது’ அல்லது அதற்கும் கீழே இருந்தால் அறிகுறித் தணிவு என்று கொள்ளலாம் என 2005இல் ஒரு நிபுணர் குழு வரையறுத்தது. இது பயனுள்ள கருவி, இதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் இது நம் எக்ஸ்ரே.

இந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் யார்?

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எமில் கிரெப்பலின் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர், நாம் இன்று மனச்சிதைவு என்று சொல்லும் நோய் பொதுவாகத் தேய்ந்துகொண்டே போகும் ஒன்று என விவரித்தார். அந்தப் பார்வை பல தலைமுறைகளுக்கு ஒட்டிக்கொண்டது. நோய் என்றால் இறக்கம்தான், ஏற்றம் கிடையாது என்று மருத்துவர்களும் குடும்பங்களும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை உலுக்கியவற்றில் ஒன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் நடந்த ஆய்வு. அங்கிருந்த அரசு மனநல மருத்துவமனையில், இனி தேற மாட்டார்கள் என்று கருதப்பட்டு உள்வார்டுகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்த 269 பேர், 1950களில் ஒரு மறுவாழ்வுத் திட்டத்தின் மூலம் வெளியே வந்தார்கள். சராசரியாக 32 ஆண்டுகள் கழித்து கோர்ட்னி ஹார்டிங்கும் சக ஆய்வாளர்களும் அவர்களைத் தேடிப் போனார்கள். 1987இல் வெளியான முடிவு: பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையானவர்கள் நன்கு முன்னேறியிருந்தார்கள், அல்லது மீண்டிருந்தார்கள். மருத்துவமனையே கைவிட்டிருந்த மனிதர்கள் இவர்கள் என்பதை மறந்துவிட்டு இந்த எண்ணைப் படிக்கக் கூடாது.

அதே காலத்தில் நோயை அனுபவித்தவர்களே எழுதத் தொடங்கினார்கள். பதின்ம வயதில் மனச்சிதைவு என்று கண்டறியப்பட்டு, பிறகு மருத்துவ உளவியலாளரான பட்ரிசியா டீகன், மீட்சி என்பது போய்ச் சேரும் ஓர் இடம் அல்ல, வாழும் விதம் என்று 1988இல் எழுதினார். 1993இல் மனநல மறுவாழ்வுத் துறையைச் சேர்ந்த அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஆந்தனி அதை வரையறையாகவே வடித்தார்: நோய் விதிக்கும் வரம்புகள் இருக்கும்போதே நிறைவும் நம்பிக்கையும் பங்களிப்பும் உள்ள வாழ்க்கையை வாழும் வழி. ‘வரம்புகள் இருக்கும்போதே’ என்ற இடத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நோய் முழுதாகப் போன பிறகுதான் வாழ்க்கை தொடங்கும் என்று யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

எதை அளப்பது?

சரி, தேறுவது என்றால் என்னென்ன? ஆளுக்கு ஆள் வேறுபடும் ஒன்றை எப்படிப் பட்டியல் போடுவது? 2011இல் மேரி லீமியும் அவரோடு பணியாற்றிய பிரிட்டன் ஆய்வாளர்களும் மீட்சி பற்றிய 97 ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்துப் படித்து, திரும்பத் திரும்ப வந்தவற்றை ஐந்தாகத் திரட்டினார்கள். ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அதை ‘சைம்’ சட்டகம் என்கிறார்கள்.

மனிதத் தொடர்பு முதலில் வருகிறது. என்னை யாருக்காவது தெரியுமா, நான் எங்காவது சேர்ந்தவனா என்ற கேள்வி. அடுத்தது நாளை பற்றிய நம்பிக்கை. மூன்றாவது அடையாளம்: நான் ஒரு நோயின் பெயர் மட்டும்தானா, அல்லது தம்பி, தச்சர், பாட்டுக்காரர், அம்மா என்று வேறு என்னவெல்லாமோவா? நான்காவது வாழ்வின் பொருள், காலையில் எழுந்திருக்க ஒரு காரணம். ஐந்தாவது தன் கையில் பிடி இருப்பது. மருந்து, வேலை, பணம், தங்குமிடம் பற்றிய முடிவுகளில் என் சொல்லும் எடுபடுகிறதா என்பது இது.

மனச்சிதைவில் பலருக்கு, யாரும் பேசாதபோதே காதில் குரல் கேட்கும். அந்தக் குரல் கேட்பது நின்றதா என்று இந்த ஐந்தில் எதுவும் கேட்கவில்லை, கவனித்தீர்களா? குரல் கேட்பது முக்கியமில்லை என்பதற்காக அல்ல. அதைக் கேட்க வேறு கருவி இருக்கிறது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மீட்சி இரண்டு வகை. ஒன்றை நிபுணர் வெளியிலிருந்து பார்க்கிறார், மற்றதை அந்த மனிதர் உள்ளிருந்து சொல்கிறார். உள்ளிருந்து சொல்வதில் ஐந்து பெரிய இழைகள் உண்டு.

நம்பிக்கையை அளக்க ஸ்கேல் உண்டா?

வலியை நினைத்துப் பாருங்கள். வலியை வெளியிலிருந்து காட்டும் மீட்டர் கிடையாது. “0 முதல் 10 வரை எவ்வளவு வலிக்கிறது?” என்றுதான் மருத்துவர் கேட்கிறார். நேற்று 8, இன்று 5 என்றால் மருந்து வேலை செய்கிறது. அளக்கப்படுவது அகத்தில் இருந்தாலும், முறையாகக் கேட்டால் பயனுள்ள எண் கிடைக்கிறது.

தனிநபர் மீட்சி அளவுகோல்களும் இதே வழியில் போகின்றன. ஒரே கேள்விக்குப் பதிலாகப் பல வாக்கியங்கள் இருக்கும். மாதிரிக்கு நானே இரண்டு எழுதிக் காட்டுகிறேன்: ‘எனக்கு ஒரு எதிர்காலம் இருக்கிறது என்று தோன்றுகிறது’, ‘மோசமான நாட்களைச் சமாளிக்க எனக்கு வழி தெரியும்’. ஒவ்வொன்றுக்கும் ‘சற்றும் ஒப்பவில்லை’ என்பதிலிருந்து ‘முழுக்க ஒப்புகிறேன்’ வரை ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டங்களுக்கு எண் கொடுத்துக் கூட்டினால் மதிப்பெண்.

ஆனால் யார் வேண்டுமானாலும் பத்து வாக்கியம் எழுதி அளவுகோல் என்று சொல்லிவிட முடியாது. மூன்று சோதனைகளைத் தாண்ட வேண்டும்.

முதலாவது நம்பகத்தன்மை. எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி இறங்கி, உடனே மறுபடி ஏறினால் அதே எடை காட்ட வேண்டும். வாழ்க்கையில் பெரிதாக எதுவும் மாறாத இரண்டு வாரங்களில் மதிப்பெண் தாறுமாறாக ஆடினால் அந்தக் கேள்வித்தாளால் பயனில்லை.

இரண்டாவது செல்லுபடித்தன்மை, அதாவது அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறதா என்பது. கணக்குத் தேர்வின் வினாத்தாள் மாணவருக்குப் புரியாத மொழியில் இருந்தால் அது கணக்கை அளக்கவில்லை, மொழியை அளக்கிறது. அதுபோல ‘நான் அடிக்கடி வெளியே போய் நண்பர்களைச் சந்திக்கிறேன்’ என்ற வாக்கியம் மீட்சியைக் கேட்பதுபோலத் தெரியும். உண்மையில் அது கையில் பேருந்துக் காசு இருக்கிறதா என்பதையும் சேர்த்தே அளந்துவிடும். மூன்று சோதனைகளில் மிகக் கடினமானது இதுதான் என்பது என் எண்ணம். நோயை அனுபவித்தவர்கள் கேள்விகளை எழுதும்போதே உடன் இருந்தால்தான் இந்தப் பிழைகள் கண்ணில் படும்.

மூன்றாவது, மாற்றத்தை உணரும் திறன். ஆள் உண்மையிலேயே தேறும்போது எண்ணும் நகர வேண்டும்.

பயன்பாட்டில் இருக்கும் சில அளவுகோல்கள்

2013இல் ஓர் ஆய்வுத் தொகுப்பு தனிநபர் மீட்சிக்கான 13 அளவுகோல்களை எடுத்து ஒப்பிட்டது. மூன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

‘மீட்சி மதிப்பீட்டு அளவுகோல்’ 1990களில் அமெரிக்காவில் உருவானது. முதலில் 41 வாக்கியங்கள், பிறகு 24 ஆகச் சுருக்கப்பட்டது. உதவி கேட்கத் தயக்கம் இருக்கிறதா, அறிகுறிகளே வாழ்க்கையை ஆள்கின்றனவா என்பவற்றையும் இது பார்க்கிறது. ஆய்வுகளில் அதிகம் பயன்பட்டதும் இதுதான்.

‘மீட்சிப் போக்கு பற்றிய வினாப்பட்டியல்’ 2009இல் பிரிட்டனில் வந்தது. மனநல சேவையைப் பெற்றவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கியது. தொடக்கத்தில் 22 வாக்கியங்கள், பின்னர் 15. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை என்பதால் 15 வாக்கிய வடிவத்தில் முழு மதிப்பெண் 60. அந்த 13 அளவுகோல்களில் எல்லா வாக்கியங்களும் சைம் சட்டகத்தோடு பொருந்தியது இது ஒன்றுதான்.

‘மீட்சிக் கட்டங்கள்’ என்ற ஆஸ்திரேலிய அளவுகோல் 50 வாக்கியங்கள் கொண்டது. எவ்வளவு தேறினீர்கள் என்று இது கேட்பதில்லை. பாதையில் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கிறது. எல்லாம் முடிந்துபோனதாக ஒடுங்கிக் கிடக்கும் கட்டம், வேறு வாழ்க்கையும் சாத்தியம் என்ற விழிப்பு, ஆயத்தம், மீண்டும் கட்டுதல், வளர்ச்சி என்று ஐந்து.

“அவர் சொல்வதை எப்படி நம்புவது?”

இந்த அளவுகோல்களைப் பற்றிச் சொன்னதும் வரும் முதல் ஆட்சேபம் இதுதான். மனமே பாதிக்கப்பட்டவர் தன் மனதைப் பற்றிச் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது?

என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது பதில். பக்கத்து வீட்டார் சதி செய்கிறார்களா என்று கேட்டால் வேறு சாட்சிகளும் வேண்டும். ‘உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா? தனிமையாக உணர்கிறீர்களா?’ என்று கேட்டால், உலகத்தில் ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. நான் தனிமையில் இல்லை என்று எனக்காக இன்னொருவர் சொல்ல முடியாது. அதனால் இங்கே அவர் வாக்கு இரண்டாம் தரச் சான்று ஆகாது, அதுதான் மூலச் சான்று. நோயின் கடும் கட்டத்தில், சிந்தனை குழம்பியிருக்கும்போது கேள்வித்தாளை நீட்டக் கூடாது என்பது உண்மை. கொஞ்சம் பொறுக்கலாம். பொறுத்துக் கேட்பது வேறு, கேட்காமலே விடுவது வேறு.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. கேள்வித்தாளை யார் நீட்டுகிறார்கள்? உங்களை வீட்டுக்கு அனுப்பலாமா, உதவித்தொகை தொடரலாமா என்று முடிவு செய்பவரே எதிரில் உட்கார்ந்திருந்தால் நீங்கள் எந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள்? வெளியே போக விரும்புபவர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார். உதவி நின்றுவிடும் என்று பயப்படுபவர் குறைத்துச் சொல்வார். எந்த மனிதரும் இதைத்தான் செய்வார். இதற்கும் மனநோய்க்கும் சம்பந்தமில்லை. பதில் எதற்குப் பயன்படும், யார் பார்ப்பார்கள், நிரப்பாவிட்டால் எதுவும் இழக்க நேருமா என்பவற்றை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

இரண்டும் சேர்ந்தே நகருமா?

நோய் குணமானால் ஆள் தானாகத் தேறிவிடுவார் என்றால் இரண்டாவது அளவுகோல் எதற்கு? நியாயமான கேள்வி.

2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மனச்சிதைவு வகை நோய்கள் உள்ளவர்களிடம் நடந்த 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அறிகுறிகளுக்கும் தனிநபர் மீட்சிக்கும் இருந்த தொடர்பெண் மைனஸ் 0.21. தொடர்பெண் என்பது இரண்டு விஷயங்கள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் எண். 0 என்றால் சம்பந்தமே இல்லை. 1 அல்லது மைனஸ் 1 என்றால் பிசகாமல் சேர்ந்தே நகரும். மைனஸ் குறி, ஒன்று கூடினால் மற்றது குறையும் என்பதைச் சொல்கிறது. ஆக, அறிகுறி குறைந்தால் மீட்சி ஓரளவு கூடுகிறது, ஆனால் ஓரளவுதான். மனச்சோர்வு, பதற்றம் போன்ற உணர்ச்சி சார்ந்த அறிகுறிகளில் மட்டும் தொடர்பு சற்று வலுவாக இருந்தது. குரல் கேட்பது போன்றவற்றைவிட மனம் சோர்ந்து கிடப்பதுதான் தேறுவதோடு நெருக்கமாகப் பிணைந்திருக்கிறது. சிகிச்சை தருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மருந்தை நிறுத்துவதுதான் மீட்சி என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. மருந்தை ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டே நன்றாகத் தேறியவர்கள் உண்டு. மருந்து பற்றிய முடிவில் அவருக்குப் பங்கு இருக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி.

சுருக்கமாக: அளக்க முடியும், மூன்று சோதனைகளைத் தாண்டிய கருவிகள் இருக்கின்றன, அறிகுறி மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மதிப்பெண்ணை ஊகித்துவிட முடியாது.

மொத்த மதிப்பெண் மறைப்பவை

15 வாக்கியப் பட்டியலில் இருவர் 36 எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒன்பது வாக்கியங்களுக்கு முழுதாக 4 கொடுத்து, மீதி ஆறுக்கு 0 கொடுத்திருக்கிறார். மற்றவர் ஒன்பதுக்கு 2, ஆறுக்கு 3. கூட்டினால் இருவருக்கும் 36தான். ஆனால் முதலாமவரின் அந்த ஆறு பூஜ்ஜியங்களும் எதிர்காலம் பற்றிய வாக்கியங்களாக இருந்தால் உடனே உட்கார்ந்து பேச வேண்டியவர் அவர். மொத்தத்தை மட்டும் கணினியில் ஏற்றிவிட்டுப் போகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

இன்னொரு நுணுக்கம், மனிதரின் உள்ளே இருக்கும் அளவுகோலே மாறிவிடுவது. ஆரம்பத்தில் வாசல் தாண்டி வெளியே போவதே பெரிய சாதனையாக இருந்தது, அதற்கு உயர்ந்த மதிப்பெண் கொடுத்தார். ஓராண்டில் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார், இப்போது அவர் ஆசைகள் பெரியவை. அதே வாக்கியத்துக்கு இந்த முறை குறைவாகக் கொடுக்கிறார். எண் இறங்கியிருக்கிறது, ஆள் ஏறியிருக்கிறார். ஒரு தடவை எடுத்த எண்ணை வைத்தோ, இரண்டு புள்ளி ஏறி இறங்குவதை வைத்தோ முடிவுக்கு வரக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

மொழியும் ஊடே வருகிறது. ‘என் முடிவுகளை நானே எடுக்கிறேன்’ என்ற வாக்கியம் தனிமனிதரை மையமாக வைத்த சமூகத்தில் எழுதப்பட்டது. குடும்பத்தோடு கலந்து முடிவெடுப்பதையே நல்லது என்று நினைப்பவர் அதற்குக் குறைந்த மதிப்பெண் கொடுக்கலாம், அவர் தேறவில்லை என்று அதற்குப் பொருளில்லை. சைம் ஆய்விலேயே, சிறுபான்மை இனத்தவரிடையே நடந்த ஆய்வுகளில் ஆன்மிகமும், சமூகம் ஒதுக்கிவைக்கும் வலியும், கூட்டு வாழ்க்கையும் கூடுதல் அழுத்தம் பெற்றன. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்த கேள்வித்தாள் வேறொன்றை அளக்கத் தொடங்கிவிடும்.

தேர்வாக மாறிவிடும் ஆபத்து

தேறுதல் என்ற சொல்லுக்குத் தமிழில் தேர்வில் வெல்வது என்ற பொருளும் உண்டு. அந்தப் பொருள் இங்கே நுழையவே கூடாது. மதிப்பெண் கூடிவிட்டது, ஆகவே உதவி தேவையில்லை என்று ஆட்களை வெளியே அனுப்பவும், மதிப்பெண் கூடவில்லை, முயற்சி போதாது என்று பழி சொல்லவும் இந்த அளவுகோல்களைப் பயன்படுத்த முடியும்.

பிரிட்டனில் சேவையைப் பெறுபவர்கள் சிலர் இதை எதிர்த்து, மீட்சியைக் குப்பைத்தொட்டியில் போடுவோம் என்ற பொருளில் ‘ரெக்கவரி இன் த பின்’ என்று தங்கள் குழுவுக்குப் பெயரே வைத்தார்கள். வறுமையும், நிலையான தங்குமிடம் இல்லாததும், பாகுபாடும் ஒருவரை அழுத்தும்போது அவருடைய நம்பிக்கைக்கு மட்டும் மதிப்பெண் போடுவது என்ன நியாயம் என்பது அவர்கள் கேள்வி. எனக்கு அது மிகச் சரியான கேள்வியாகப் படுகிறது. மனிதரை மட்டும் அளக்காமல், அவருக்குக் கிடைக்கும் ஆதரவையும் அளக்க வேண்டும். ‘இன்ஸ்பயர்’ என்ற அளவுகோல் அப்படிப்பட்டது. பணியாளர் தன் மீட்சிக்கு எவ்வளவு துணை நிற்கிறார் என்று சேவையைப் பெறுபவரே அதில் மதிப்பிடுகிறார்.

படிவத்தை நிரப்பிய பிறகு

உங்கள் கையிலோ, உங்கள் வீட்டில் ஒருவர் கையிலோ இப்படி ஒரு கேள்வித்தாள் வந்தால், யாருக்காக, எதற்காக என்று தயங்காமல் கேளுங்கள். ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்கள் கழித்து மறுபடி நிரப்பும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நீங்கள் நிரப்பக் கொடுப்பவராக இருந்தால், அவசரமாக மொத்தத்தைக் கூட்ட வேண்டாம். எந்த வாக்கியத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது என்று கேளுங்கள். ‘என்னைத் தேவைப்படுகிறவர் யாரோ ஒருவர் இருக்கிறார்’ என்ற இடத்தில் என்று அவர் சொல்லலாம். அன்றைய பேச்சை அங்கிருந்து தொடங்குங்கள்.